நிலத்தடியில் ஒரு நெடுங்கால்வாய்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



விடியற்காலையில் மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். அன்று பால் வெட்ட இயலாது. அது உங்களுக்குப் பழகிய கவலை. அதே மழை இன்னொரு தொல்லையையும் கொண்டுவரும். மேட்டு வீடுகளிலிருந்து கால்வாயில் விடப்பட்ட அழுக்கெல்லாம் பள்ளத்து வீடுகளின் வாசலில் வந்து தேங்கும். அழுக்கைக் கொட்டியவர் ஒருவர். அதன் நாற்றத்தையும் நோயையும் ஏற்பவர் வேறொருவர்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த இரண்டாவது தொல்லையைப் பற்றியதே. ஆனால் அது நடந்த இடம் தோட்டமன்று, லண்டன் மாநகரம். உலகப் பெருநகரங்களுள் ஒன்றாகிய அந்நகரம் இத்தொல்லையில் நெடுங்காலம் உழன்றது. இறுதியில், நிலத்துக்கடியில் 25 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கக் கால்வாயை வெட்டியது. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தக் கட்டுமானத்தின் இணைப்புகள் யாவும் 2025ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கின. அக்கால்வாய் ஏன் தேவைப்பட்டது, எவ்வாறு அமைக்கப்பட்டது, அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் யார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் இயன்றவரை விடை கூற முயல்கின்றேன். மூன்றாவது கேள்வியே நம் சிந்தனைக்கு மிகவும் உரியது.

ஆறு சாக்கடையான கதை

லண்டன் நகரின் நடுவே தேம்ஸ் ஆறு ஓடுகிறது. பழங்காலத்தில் அந்நகர வீடுகளில் மலக்குழிகள் இருந்தன. இரவு நேரத்தில் ஆட்கள் வந்து அவற்றை அள்ளிச் சென்று உரமாக விற்றார்கள். நம் தோட்டங்களில் வாளிக் கழிப்பறைகள் இருந்த காலத்தை முதியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெருக்களுக்கு அடியில் ஓடிய கால்வாய்கள் மழைநீருக்கென்றே இருந்தன. 1815ஆம் ஆண்டுக்குப் பின்னர், வீட்டுக் கழிவையும் அக்கால்வாய்களில் விடுவதற்கு அனுமதி கிடைத்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகளும் பெருகின. மழைநீரும் மலநீரும் ஒரே வழியில் கலந்து தேம்ஸ் ஆற்றில் விழுந்தன. அந்த ஆற்று நீரைத்தான் மக்களில் பலர் குடித்தும் வந்தார்கள்.

விளைவு என்னவாயிற்று? 1832ஆம் ஆண்டில் வாந்திபேதி என்னும் காலரா நோய் லண்டனில் புகுந்தது. 1848, 1849ஆம் ஆண்டுகளில் மீண்டும் வந்து ஏறத்தாழ 14,000 பேரைக் கொண்டு சென்றது. 1853, 1854ஆம் ஆண்டுகளில் வந்தபோது ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். கெட்ட காற்றும் நாற்றமுமே நோயைப் பரப்புகின்றன என்று அக்கால மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பியிருந்தனர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் ஒருவர், நோய் பரவுவது தண்ணீரால் என்று எடுத்துக் கூறினார். 1854ஆம் ஆண்டில் சோகோ வட்டாரத்தில் இறந்தவர்களின் வீடுகளை அவர் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்; பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பின் நீரைக் குடித்தவர்களே பெரும்பாலும் மாண்டனர் என்று காட்டினார். பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆயினும் அவர் கருத்தைப் பலர் அப்போது ஏற்கவில்லை.

1858ஆம் ஆண்டு கோடையில் வெயில் கடுமையாகக் காய்ந்தது. தேம்ஸ் ஆறு பொறுக்க முடியாதவாறு நாறியது. ஆற்றங்கரையில் இருக்கும் நாடாளுமன்றக் கட்டடத்தில் உறுப்பினர்களால் அமர்ந்திருக்க இயலவில்லை. சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடு கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் பயன் இல்லை. அந்த ஆண்டு வரலாற்றில் ‘பெருநாற்றம்’ என்றே பெயர் பெற்றது. நகரின் கழிவுநீரை அப்புறப்படுத்த வழிசெய்யும் சட்டம் 18 நாள்களில் நிறைவேறியது. தண்ணீரின் உண்மையைச் சொன்ன மருத்துவர் ஸ்னோ அதே ஆண்டு ஜூன் மாதத்தில் காலமாகிவிட்டார்.

ஏழைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தபோது மெல்ல நகர்ந்த காரியம், ஆட்சியாளர்களின் மூக்கை நாற்றம் எட்டியவுடன் விரைந்து ஓடியது. இதை நான் பழிச்சொல்லாகக் கூறவில்லை. பாதிப்பைத் தாமே உணரும்போதுதான் பலரும் விழிக்கிறார்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பாசல்ஜெட் அமைத்த வழி

வேலை, ஜோசப் பாசல்ஜெட் என்னும் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆற்றில் நேரே விழுந்துகொண்டிருந்த கால்வாய்களைக் குறுக்கே மறித்து, அவற்றின் நீரைக் கிழக்கு நோக்கிக் கொண்டு செல்லும் பெருங்கால்வாய்களை அவர் அமைத்தார். அப்பெருங்கால்வாய்களின் நீளம் 132 கிலோமீட்டர். அவற்றில் வந்து சேரும் தெருக் கால்வாய்கள் ஏறத்தாழ 1,770 கிலோமீட்டர். 318 மில்லியன் செங்கற்கள் இவ்வேலைக்குச் செலவாயின. முறைப்படியான திறப்பு விழா 1865ஆம் ஆண்டில் நடைபெற்றது. எஞ்சிய வேலைகள் 1875ஆம் ஆண்டில் முடிந்தன.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே நடந்த ஒரு நிகழ்ச்சியை நீங்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். 1866ஆம் ஆண்டில் காலரா மறுபடியும் வந்தது. 5,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிழக்கு லண்டனைச் சேர்ந்தவர்கள். கப்பல் துறைகளிலும் ஆலைகளிலும் கூலி வேலை செய்தவர்கள் வாழ்ந்த பகுதி அது. புதிய கால்வாய் நகரின் மற்றப் பகுதிகளில் செயற்பட்டுக்கொண்டிருந்தது. கிழக்குப் பகுதியில் மட்டும் இன்னும் முடியவில்லை. அங்கே நீரை மேலேற்ற வேண்டிய அபி மில்ஸ் பம்பு நிலையம் 1868ஆம் ஆண்டில்தான் முடிந்தது. குடிநீரில் கழிவு கலந்தது, உயிர்கள் போயின. அதற்குப் பின்னர் லண்டனில் காலரா கொள்ளைநோயாகப் பரவவே இல்லை. நன்மை எல்லாருக்கும் வந்தது. ஆனால் கடைசியாக வந்த இடத்தில் இருந்தவர்கள் அந்தத் தாமதத்திற்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள்.

ஒரே குழாயில் இரு நீர்

பாசல்ஜெட் அமைத்த கால்வாய்கள் இன்றும் பயனில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு சிக்கல் தொடக்கத்திலேயே இருந்தது. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில்தான் ஓடின. பெருமழையில் குழாய் நிரம்பினால் அந்த நீர் எங்கே போகும்? போக்கிடம் இல்லையெனில் வீடுகளின் கழிப்பறை வழியாக மேலே பொங்கிவிடும். அதைத் தடுக்க, நிரம்பி வழியும் நீர் ஆற்றில் விழுமாறு கரையோரத்தில் திறப்புகள் வைக்கப்பட்டன. எப்போதாவது ஒருமுறை பயன்படும் காப்புவழி என்று கருதப்பட்ட ஏற்பாடு அது.

அக்கால்வாய்கள் ஏறக்குறைய 4 மில்லியன் மக்களுக்குப் போதுமாறு கட்டப்பட்டவை. லண்டன் மக்கள்தொகையோ பின்னர் ஏறத்தாழ 9 மில்லியனாகப் பெருகியது. மண்ணும் புல்லும் இருந்த இடமெல்லாம் தாரும் சிமெண்டுமாயிற்று. மண்ணில் ஊற வேண்டிய மழை முழுவதும் குழாயைத் தேடி ஓடியது. புதிய சுரங்கம் வருவதற்கு முன்னர், சில மில்லிமீட்டர் மழைக்கே சில திறப்புகள் வழிந்தன. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நடக்க வேண்டியது வாரத்துக்கு ஒருமுறை என்னும் அளவுக்கு நெருங்கியது. சாதாரண ஓர் ஆண்டில் ஏறத்தாழ 39 மில்லியன் டன் கலப்புநீர் தேம்ஸ் ஆற்றில் விழுந்ததாகக் கணக்கிடப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெய்த புயல்மழைக்குப் பின் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஐரோப்பிய நீதிமன்றமும் 2012ஆம் ஆண்டில் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இரு நீரையும் தனித்தனிக் குழாய்களில் பிரித்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பிரிக்கலாம்; ஆனால் பழைய நகரம் முழுவதிலும் ஒவ்வொரு தெருவையும் தோண்டி, ஒவ்வொரு வீட்டின் குழாயையும் மாற்ற வேண்டும். மழைநீரை மண்ணிலேயே ஊறச் செய்யும் தரைகளையும் பசுங்கூரைகளையும் அமைத்தால் போதும் என்று வேறு சிலர் வாதிட்டனர். சுரங்கத்தைப் பரிந்துரைத்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் கிறிஸ் பின்னி அவர்களே, பின்னாளில், இவ்வளவு பெருஞ்செலவு தேவைதானா என்று வினவினார். வாதங்கள் பல ஆண்டுகள் நடந்தன. முடிவில் 2014ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அரசாங்கம் சுரங்கத்துக்கு அனுமதி வழங்கியது.

சுரங்கம் வெட்டிய விதம்

சுரங்கம் மேற்கே ஆக்டன் என்னும் இடத்தில் தொடங்குகிறது. பெரும்பகுதி தேம்ஸ் ஆற்றின் அடியிலேயே செல்கிறது. லைம்ஹவுஸ் அருகே ஆற்றை விட்டு வடகிழக்கே திரும்பி, அபி மில்ஸ் நிலையத்தை அடைகிறது. அங்கே, 2016ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட லீ சுரங்கத்துடன் இணைந்து, பெக்டன் சுத்திகரிப்பு நிலையம் வரை நீரைக் கொண்டு செல்கிறது. ஆற்றை விட்டு விலகியுள்ள திறப்புகளை இணைக்க இரண்டு கிளைச் சுரங்கங்களும் உண்டு. அவற்றுள் கிரீனிச்சிலிருந்து வரும் கிளை, டெப்ட்ஃபர்ட் வட்டாரத்தின் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் அடியில் ஊடுருவி வருகிறது.

பெருஞ்சுரங்கத்தின் உள்விட்டம் பெரும்பகுதியில் 7.2 மீட்டர். அதன் அகலம் ஏறத்தாழ மூன்று பேருந்துகளின் அகலத்துக்கு நிகர். மேற்கே ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் தொடங்கிக் கிழக்கே 60 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. 790 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் வீதம் சரிவு. அந்தச் சிறு சரிவே நீரைத் தானாக ஓட வைக்கிறது. வழியில் பம்பு தேவையில்லை.

இத்தகைய சுரங்கத்தைக் கடப்பாறை, மண்வெட்டி கொண்டு தோண்டுவதில்லை. முதலில் நிலத்தில் மிக ஆழமான வட்டக் கிணறு ஒன்றை இறக்குகிறார்கள். அதன் அடியில் சுரங்கம் துளைக்கும் பேரியந்திரத்தைப் பொருத்துகிறார்கள். முன்புறத்தில் பற்கள் பதித்த சக்கரம் சுழன்று மண்ணைச் சுரண்டும். சுரண்டிய மண் பின்னே செல்லும். இயந்திரத்தின் வயிற்றுப் பகுதியில், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் துண்டுகளை வளையமாகக் கோத்துச் சுவர் அமைப்பார்கள். அந்த வளையத்தின் மீதே உதைத்துக்கொண்டு இயந்திரம் முன்னேறும். லண்டனின் மேற்கே களிமண். நடுவே மணலும் களியும் கலந்த அடுக்குகள். கிழக்கே நீர் நிறைந்த சுண்ணக்கல். நீர் நிறைந்த நிலத்தில், சக்கரத்தின் முகப்பில் குழம்பை அழுத்தி நிறுத்தினால்தான் நிலம் சரியாமல் இருக்கும். அழுத்தம் குறைந்தால் மேலே உள்ள தரை தாழும். அதிகரித்தால் தரை புடைக்கும். ஆகவே, மேலுள்ள கட்டடங்களிலும் பாலங்களிலும் அளவுக் கருவிகளைப் பொருத்தி, நுண்ணிய அசைவையும் கணக்கெடுத்துக்கொண்டே துளைத்தார்கள்.

இவ்வேலைக்கு ஆறு பேரியந்திரங்கள் பயன்பட்டன. ஆறுக்கும் மக்கள் வாக்களித்துப் பெண்களின் பெயர்களையே சூட்டினார்கள். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட் அம்மையாரின் பெயர் ஒன்றுக்கு. பெர்மண்ட்சி வட்டாரத்தின் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் செய்த டாக்டர் செலினா ஃபாக்ஸ் அம்மையாரின் பெயர் மற்றொன்றுக்கு. செலினா என்னும் அந்த இயந்திரம் பெர்மண்ட்சியிலிருந்தே தன் பயணத்தைத் தொடங்கியது. துளைக்கும் வேலை 2022ஆம் ஆண்டில் முடிந்தது.

வெட்டிய மண்ணின் பெரும்பகுதி படகுகளில் ஏற்றப்பட்டு ஆற்று வழியே அகற்றப்பட்டது. அதனால் பல இலட்சம் லாரிப் பயணங்கள் குறைந்தன. குறுகிய நகரத் தெருக்களில் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் ஆபத்து குறைந்தது. வேலையில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. அதில் நடிகர்கள், வேலையிடத்து விபத்து ஒன்றையும், அதன் பின் ஒரு குடும்பம் படும் துயரையும் நடித்துக் காட்டினார்கள். சட்டதிட்டங்களைப் படித்துக் காட்டுவதைவிட இது நெஞ்சில் ஆழமாகப் பதியும் என்று அவர்கள் கருதினார்கள். உழைப்பவனைப் பாதுகாப்பது வேலையின் ஒரு பகுதியே என்பதை அந்த ஏற்பாடு உணர்த்துகிறது.

யார் வாசலில் கிணறு தோண்டுவது?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். சுரங்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதை வெட்டுவதற்கான கிணறுகள் ஏதாவது ஒரு தெருவின் அருகே, யாருடைய வீட்டுக்காவது எதிரே அமைந்தாக வேண்டும். லண்டனில் இவ்வாறு 24 வேலையிடங்கள் தேவைப்பட்டன. தூய ஆறு எல்லாருக்கும். தூசியும் இரைச்சலும் சிலருக்கு மட்டும்.

பெர்மண்ட்சி வட்டாரத்தில் ‘கிங்ஸ் ஸ்டேர்ஸ் கார்டன்ஸ்’ என்னும் ஆற்றங்கரைப் பூங்கா உண்டு. முதலில் அங்கேதான் ஒரு பெருங்கிணறு தோண்டத் திட்டமிட்டார்கள். வட்டார மக்கள் ஒன்று கூடினார்கள். பிள்ளைகள் விளையாடவும் முதியோர் உலாவவும் தங்களுக்கு உள்ள பூங்காவை இழக்க மாட்டோம் என்று வாதாடினார்கள். திட்டம் மாற்றப்பட்டது. பூங்கா பிழைத்தது. ஆனால் கிணறு மறைந்துவிடவில்லை. அதே ஆற்றங்கரையில் சற்றுத் தொலைவில் உள்ள சேம்பர்ஸ் வார்ஃப் என்னும் இடத்துக்குச் சென்றது. அது வெற்று நிலம்தான். ஆயினும் சுற்றிலும் குடியிருப்புகளும் பள்ளியும் இருந்தன. மேற்கேயும் இவ்வாறே நடந்தது. பார்ன் எல்ம்ஸ் விளையாட்டுத் திடல்களில் அமைய இருந்த வேலையிடம், எதிர்ப்புக்குப் பின் ஆற்றின் மறுகரையில் உள்ள கார்னத் சாலைக்கு மாறியது. டெப்ட்ஃபர்டில், ஒரு தொடக்கப் பள்ளிக்கும் பழைய தேவாலயத்துக்கும் அருகேயிருந்த சிறு பசுந்திடலை விட்டுவிடுமாறு மக்கள் போராடினார்கள். அங்கே போராட்டம் வெல்லவில்லை, கிணறு தோண்டப்பட்டது.

இவற்றில் யார் பக்கம் நியாயம்? பூங்காவைக் காத்தவர்கள் தவறு செய்தார்கள் என்று கூற முடியாது. பொதுநிலம் பொதுமக்களின் உடைமை. வெற்று நிலம் இருக்கும்போது பூங்காவை ஏன் தோண்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டது அறிவுள்ள கேள்வி. ஆனால் வெற்று நிலத்துக்கு அண்டை வீட்டிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். பேரியந்திரம் துளைக்கத் தொடங்கிவிட்டால் அதை நினைத்த நேரத்தில் நிறுத்த இயலாது. இரவும் பகலும் வேலை நடக்கும். இரவு முறை வேலை முடித்துப் பகலில் உறங்குகின்றவர்களும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாரும் பல ஆண்டுகள் அந்த இரைச்சலோடு வாழ்ந்தார்கள்.

அவர்களுக்காகச் சில ஏற்பாடுகள் செய்யப்பட்டன. வீடுகளுக்கு இரைச்சலைத் தடுக்கும் இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள் பொருத்தப்பட்டன. இரைச்சல் மிகக் கடுமையான வேளைகளில் சிலர் தற்காலிகமாக வேறிடம் சென்று தங்க உதவி கிடைத்தது. இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராயக் கட்டுமான நிறுவனத்தைச் சாராத தனிக்குழு ஒன்று இருந்தது. மக்களுக்கு அறிவுரை கூறவும் சுயேச்சையான ஆலோசகர்கள் இருந்தார்கள். இது முக்கியமானது, தோழர்களே. துன்பம் தருபவனிடமே சென்று துன்பத்துக்குத் தீர்ப்புக் கேட்கும் நிலை இல்லாமல், நடுநிலையான ஒருவரிடம் முறையிட வழி இருந்தது. எல்லாருக்கும் முழு நிறைவு கிடைத்தது என்று நான் கூறவில்லை. தூக்கம் இழந்த இரவுகளைப் பணம் ஈடு செய்யாது. ஆயினும், “பொது நன்மைதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கூறிக் கைவிடுவதற்கும், பாரத்தை ஒப்புக்கொண்டு பகிர்ந்துகொள்வதற்கும் வேறுபாடு பெரிது.

செலவையும் அவ்வாறே பகிர்ந்தார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 4,500 மில்லியன் பவுண்டு. அதை லண்டன் கரையோர மக்கள் மட்டும் செலுத்தவில்லை. அதே நிறுவனத்தின் கழிவுநீர்ச் சேவையைப் பெறும் அனைவரும், தொலைவிலுள்ள ஆக்ஸ்ஃபர்ட், சுவிண்டன் நகரங்களில் வாழ்வோர் உட்பட, தத்தம் கட்டணத்தின் வழியாகச் சிறிது சிறிதாகச் செலுத்தி வருகிறார்கள். “எங்கள் ஊருக்கு என்ன பயன்?” என்று தொலைவில் இருப்போர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஒருவர் ஊரின் ஆறு தூய்மையாக வேண்டுமானால் மற்றவர் ஊரும் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது எவ்வாறு இயங்குகிறது?

ஆற்றங்கரையில் இருந்த வழிவுத் திறப்புகளுள் மிகவும் மாசுபடுத்திய 34 திறப்புகள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. பெருமழை பெய்து பழைய கால்வாய் நிரம்பும்போது, முன்பு ஆற்றில் விழுந்த நீர் இப்போது கிணறுகளின் வழியே கீழே இறங்குகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து நேராக விழுந்தால் அடித்தளத்தை உடைத்துவிடும். எனவே நீர் சுவரோடு சுழன்று இறங்குமாறு வழி செய்திருக்கிறார்கள். இச்சுரங்கமும் லீ சுரங்கமும் சேர்ந்து 1.6 மில்லியன் கனமீட்டர் நீரைத் தேக்கி வைக்கும். மழை ஓய்ந்ததும் பெக்டனில் உள்ள பம்புகள் அதை மேலேற்றும். நீர் சுத்திகரிக்கப்பட்ட பின்னரே ஆற்றில் விடப்படும். முதல் இணைப்புகள் 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலும், எஞ்சியவை 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துக்குள்ளும் திறக்கப்பட்டன. கரையோரத்தில் இருந்த சில வேலையிடங்கள் பொதுமக்கள் அமர்ந்து ஆற்றைப் பார்க்கும் திடல்களாயின. பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தருகே உள்ள திடலுக்குப் பாசல்ஜெட் அவர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இதனால் எல்லாத் தீங்கும் ஒழிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மிகக் கடும் புயல்மழையில் ஆண்டுக்குச் சில முறை நீர் வழிய இடமுண்டு. மக்கள் குழாயில் கொட்டுவதையும் சுரங்கம் மாற்ற முடியாது. 2017ஆம் ஆண்டில் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் பழைய கால்வாய் ஒன்றை அடைத்துக்கொண்டு 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு கொழுப்புக் கட்டி கிடந்தது. அதன் எடை 130 டன். சமையல் எண்ணெயும் துடைப்புத் துணிகளும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. தொழிலாளர்கள் உள்ளே இறங்கி, நீர்ப்பீச்சும் குழாய்களாலும் மண்வெட்டிகளாலும் பல வாரங்கள் போராடி அதை அகற்றினார்கள். சமையலறையில் ஒருவர் அலட்சியமாக ஊற்றியதை, இருட்டில் நின்று இன்னொருவர் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

நமக்கு இதில் என்ன?

நம் நாட்டிலும் நகரத்துக்கடியில் பெருஞ்சுரங்கம் உண்டு. 1971ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளத்தை முதியோர்கள் அறிவார்கள். அத்தகைய வெள்ளத்தைத் தடுக்க 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதே 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ‘ஸ்மார்ட்’ சுரங்கம். சாதாரண நாள்களில் அதன் ஒரு பகுதியில் வாகனங்கள் ஓடுகின்றன; பெருவெள்ளத்தின்போது வாகனங்களை வெளியேற்றிவிட்டு நீருக்கு வழி விடுகிறார்கள். ஆனால் அது மழைவெள்ளத்துக்கு மட்டும் உரியது, கழிவுநீருக்கு உரியதன்று. கழிவறை நீருக்கும் மழைநீருக்கும் வெவ்வேறு வழிகள் அமைப்பதே நம் நாட்டு முறை. லண்டன் மக்கள் இன்று பெருஞ்செலவு செய்து தீர்க்க முயலும் சிக்கல் இரண்டையும் ஒன்றாகக் கலந்ததால் வந்தது. அந்த வகையில் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. அதைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது. நிரம்பிய மலத்தொட்டியைக் காலத்தில் அள்ளச் செய்யாமல் விட்டாலும், மழைக்கால்வாயில் குப்பையையும் பழைய எண்ணெயையும் கொட்டினாலும், பிரித்து வைத்ததை நாமே மீண்டும் கலந்தவர்களாவோம்.

இரண்டாவதாக ஒன்று கூறுவேன். சாலை, மின்சாரம், குடிநீர்க் குழாய், கால்வாய் என ஊருக்கு வரும் எந்தப் பொதுவேலையும் யாரோ ஒருவருக்குச் சில நாள் தொல்லை தந்தே நிறைவேறும். வேலையே வேண்டாம் என்று தடுத்தால், 1866ஆம் ஆண்டில் கிழக்கு லண்டன் மக்கள் பட்டதைப்போல், எங்கோ ஓர் எளிய குடும்பம் அதன் விலையைக் கொடுக்கும். தொல்லைப்படுவோரைத் திரும்பிப் பாராமல் வேலையை நடத்தினாலும் அது நீதியாகாது. ஆகவே ஒரு வேலை தொடங்கும்போது கூட்டம் கூட்டிக் கேளுங்கள். எவ்வளவு நாள் நடக்கும்? யார் வீட்டருகே நடக்கும்? அவர்களுக்கு என்ன மாற்று ஏற்பாடு? குறை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? பணிவாகவும் தெளிவாகவும் கேட்கப்படும் இக்கேள்விகள் வேலையைக் கெடுப்பதில்லை, வேலையை நேர்மையாக்குகின்றன. அதேவேளையில், தொல்லை பக்கத்து வீட்டாருக்கு நேரும்போது, “நம் வாசலுக்கு வரவில்லையே” என்று ஒதுங்கி நிற்காமல் அவர்களுக்காகவும் நாமே கேட்க வேண்டும்.

நிலத்தடியில் ஓடும் கால்வாயைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. அது செவ்வையாக வேலை செய்யும்வரை அதன் நினைவே யாருக்கும் வருவதில்லை. நோயின்றி வளரும் குழந்தைகளே அதன் பயனைக் காட்டும் சான்று. கண்ணுக்குத் தெரியாத உழைப்பு எத்தகையது என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உலகெங்கும் ஓடும் வாகனங்களின் சக்கரங்களில் உங்கள் உழைப்பும் சேர்ந்து சுழல்கிறது. ஏறிச் செல்வோர் அதை நினைப்பதில்லை. ஆதலால், நம் சுத்தத்துக்காக மறைவில் உழைப்பவர்களையும், பொது நன்மைக்காகத் தம் வாசலில் தொல்லையைத் தாங்குகின்றவர்களையும் மறவாதிருக்க உங்களைவிடத் தகுதியுடையோர் எவர்?